சேந்தன் அமுதன் என்று எழுதிய பையனுக்குப் பரிசு கொடுத்தேன்

பதிவு கொஞ்சம் நீளம்ங்க. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள். 1990களில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் பீளமேட்டில் மகள் வீட்டில் இருந்தேன். டிவியில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. மணிரத்னம் எடுத்து 2023 ஏப்ரலில் வந்த படம். பேத்தி ஏழாம் வகுப்பு. கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். ராத்திரி தூங்க வைக்கச் சொன்னதே நான்தான். படத்தின் கடைசியில் அருள்மொழிவர்மன் தனக்கு வந்த கிரீடத்தை எடுத்து மதுராந்தகன் தலையில் வைக்கிறார். ரகுமான் நடித்தாரே, அந்த மதுராந்தகன். பேத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

“அப்புச்சி, இது தப்பு! சேந்தன் அமுதனுக்குத்தான கிரீடம் வெக்கோணும்? ஹிஸ்டரிய மாத்திட்டாங்க!”

மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். “ஆமாங்க மாமா, படம் வந்தப்பவே எல்லாரும் சொன்னாங்க. வரலாற்றைக் கெடுத்துட்டாங்கன்னு.”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. வரலாற்றில் சேந்தன் அமுதன் என்று ஒருவர் இல்லை. சுந்தர சோழருக்குப் பின் பட்டத்துக்கு வந்து உத்தம சோழர் என்று பெயர் பெற்றவர் மதுராந்தகன்தான். அந்த ஒரு இடத்தில் படம் எடுத்தவர்கள் கதைச் சிக்கலைக் குறைக்கச் செய்தார்களோ என்னவோ, கல்கியின் நாவலைவிட வரலாற்றுக்கு நெருக்கமாகப் போய்விட்டார்கள். அதைத்தான் நாம் ‘வரலாற்றை மாற்றிவிட்டார்கள்’ என்கிறோம்.

நாவல் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை வந்த தொடர்கதை அது. செம்பியன் மாதேவியார் பெற்ற குழந்தை இறந்துவிட்டது என்று எண்ணி அப்புறப்படுத்துகிறார்கள். அந்த இடத்தில் வேறொரு குழந்தை மதுராந்தகன் என்ற பெயரில் அரண்மனையில் வளர்கிறது. உண்மையான பிள்ளை, காது கேளாத வாய் பேசாத ஒரு அம்மாளின் மகனாக, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதனாக வளர்கிறான். கடைசியில் ரகசியம் வெளிப்பட்டு, பூக்காரப் பிள்ளையே உத்தம சோழர் ஆகிறார். ஆள்மாறாட்டம், குழந்தை மாற்றம் எல்லாம் கல்கியின் கற்பனை. அருமையான கற்பனை; அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலம். சோழர் பாடம் என்றால் மன்னர் பெயர், ஆண்டு, குடவோலை முறை, பெரிய கோயில் என்று முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். நான் என்ன செய்வேன், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் என்று தொடங்கிவிடுவேன். மணி அடித்தாலும் ஒரு பிள்ளை எழாது. உங்களில் பலர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சொல்வது அந்த வகுப்பைத்தான். எங்கள் அத்தை வீட்டில் வாரப் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அதைப் படித்து வளர்ந்தவன் நான். ஆசிரியர் பயிற்சியில் ‘கதை வழிக் கற்பித்தல்’ என்று சொல்லிக்கொடுத்ததும் மனதில் இருந்தது. ஆனால் கதை எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டினேனா என்றால், இல்லை. அந்தக் கோடு எனக்கே தெரியாது.

ஒரு வருடம் ஆண்டு விழாவுக்கு வினாடி வினா வைத்தோம். கேள்வித்தாள் நான் தயாரித்தது. ஒரு கேள்வி: ‘உத்தம சோழர் அரியணை ஏறும் முன் அவருடைய பெயர் என்ன?’ பையன் ஒருவன் ‘சேந்தன் அமுதன்’ என்று எழுதியிருந்தான். பெண் ஒருத்தி ‘மதுராந்தகன்’ என்று எழுதியிருந்தாள். மற்ற எல்லாக் கேள்வியிலும் இருவரும் சமம். நான் பையனுக்கு மதிப்பெண் போட்டேன், அவளுக்குத் தவறு போட்டேன். முதல் பரிசு அவனுக்குப் போயிற்று.

அந்த அம்மிணி மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், அதிகம் பேசமாட்டாள். “சார், லைப்ரரி புக்குல மதுராந்தகன்னுதான் போட்டிருக்குதுங்க. நீங்க சொல்றது நாவல்ல வர்றதுதானுங்களே?” என்றாள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் நினைவிருக்கிறது. “அந்த மதுராந்தகன் போலி. முழுசாப் படிச்சுட்டு வந்து பேசு.” தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய சோழர் வரலாற்றையும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றையும் உட்கார்ந்து படித்தேன். கல்கிக்கே அடிப்படையாக இருந்தவை இவைதான். நான் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவன் இல்லை. அச்சில் வந்ததைப் படிப்பவன். அப்படிப் படித்ததில் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பட்டத்துச் சிக்கல் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நம்ம பக்கத்துக் காட்டுப் பங்காளி விவகாரம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதலாம் பராந்தகருக்கு மூத்த மகன் ராஜாதித்தன். 949இல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடியே மாண்டுபோகிறான். அடுத்த மகன் கண்டராதித்தர் பட்டத்துக்கு வருகிறார். சிவபக்தர், திருவிசைப்பாவில் அவருடைய பதிகம் இருக்கிறது. அவர் போகும்போது மகன் மதுராந்தகன் கைக்குழந்தை. அதனால் தம்பி அரிஞ்சயர் வருகிறார்; கொஞ்ச காலம்தான். பிறகு அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூன்று பிள்ளைகள். ஆதித்தன் இளவரசுப் பட்டம் கட்டி, வீரபாண்டியனை வென்று பெயர் வாங்கியவன்.

பெரியவர் இறந்தபோது பையன் சின்னவன் என்று தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். அவருக்குப் பின் தம்பி மகன் பார்த்தார். இப்போது பெரியவர் மகன் வளர்ந்து வந்து “எங்கப்பன் தோட்டம்ங்க” என்கிறான். தப்பு என்று சொல்ல முடியுமா? மதுராந்தகன் கேட்டது வெறும் ஆசையில் வந்ததில்லை. மூத்த வழி வாரிசு என்ற நியாயம் அவர் பக்கம் இருந்தது. நாவலிலும் படத்திலும் இந்த நியாயம் ஒன்றிரண்டு வசனத்தில் வந்து போகிறது. ஆனால் நம் மனதில் பதிவது பயந்தாங்கொள்ளியாக, மற்றவர் கைப்பாவையாக ஒரு மதுராந்தகன்தான்.

இந்த நிலையில், ஏறத்தாழ 970 வாக்கில், ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். பட்டம் அருள்மொழிக்குப் போகாமல் மதுராந்தகனுக்குப் போகிறது. சுமார் பதினைந்து ஆண்டு ஆண்டபின் 985இல் அருள்மொழி ராஜராஜனாகப் பட்டத்துக்கு வருகிறார்.

கொன்றது யார்? ‘நந்தினி’ என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம். நந்தினி என்ற பெண்ணே எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நாவலிலாவது கல்கி கடைசி வரை அதை மூடுமந்திரமாகத்தான் வைத்திருப்பார்.

கொலைக்கு இருக்கிற சாட்சி ஒரு கல். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒரு வேன் பிடித்துச் சிதம்பரம் போனபோது, அடம்பிடித்து வண்டியை அங்கே திருப்பினேன். சகாக்கள் வீராணம் ஏரியைப் பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வரிவரியாக எழுத்து. ஓரெழுத்து புரியவில்லை. அர்ச்சகர் ஒரு இடத்தைக் கைகாட்டி “இதுதான் சார், எல்லோரும் இதைத்தான் போட்டோ எடுக்கறாங்க” என்றார். நானும் எடுத்தேன்.

அந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்வதற்காக வெட்டப்பட்டதில்லை என்பது படித்த பிறகுதான் தெரிந்தது. அது ஒரு நில விவகாரம். இன்றைய கணக்கில் கிரயப் பத்திரம் மாதிரி. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசர் ஓலை அனுப்புகிறார்: ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகியோர், அவர்களுடைய உறவுக்காரர் எல்லோருடைய சொத்தையும் பறிமுதல் செய்யுங்கள் என்று. அப்படிப் பறித்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் அன்னதானத்துக்கு எழுதி வைக்கிறார். வில்லங்கம் இல்லாத நிலம் என்று காட்ட, அது எப்படிச் சபை கைக்கு வந்தது என்ற முன்கதையும் கல்லில் ஏறிவிட்டது. அவர் அந்த நிலத்தை வாங்காமல் விட்டிருந்தால் கொலைகாரர் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

பெயர்களைக் கவனியுங்கள். பிரம்மாதிராஜன் என்பது அரசில் உயர் பொறுப்பில் இருந்த அந்தணர்களுக்குக் கொடுக்கிற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ‘இருமுடிச்சோழ’ என்பது சோழப் பட்டம். ஆக ஒருவனுக்குப் பாண்டியர் பெயரில் பட்டம், இன்னொருவனுக்குச் சோழர் பெயரில் பட்டம். வீரபாண்டியன் தலைக்குப் பழி வாங்கினார்கள் என்று ஒரு கட்சி சொல்வதற்கு முதல் பெயர் ஆதாரம். சோழ அரண்மனைக்குள்ளேயே இருந்தவர்கள் என்று இன்னொரு கட்சி சொல்வதற்கு இரண்டாவது பெயர் ஆதாரம். ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. கடம்பூர் மாளிகையும் கிடையாது, நள்ளிரவுச் சந்திப்பும் கிடையாது.

இதை ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு என்று கொண்டு, அதாவது 986–87 வாக்கில் என்று கொண்டு, நீலகண்ட சாஸ்திரியார் ஒரு கேள்வி கேட்டார். கொலை நடந்து பதினைந்து ஆண்டு உத்தம சோழர் ஆண்டார். அதுவரை குற்றவாளிகள் சொத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே, ராஜராஜன் வந்த பிறகுதானே நடவடிக்கை, அப்படியானால் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு இருந்திருக்க வேண்டாமா? வக்கீல் கேட்கிற மாதிரியான கேள்வி. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. கல்வெட்டைத் திரும்பப் படித்த குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்களும் ஏற்கவில்லை. கல் சொல்வது சொத்து கைமாறிய ஆண்டு. விசாரணையும் தண்டனையும் அதற்கு எவ்வளவோ முன்னால் நடந்திருக்கலாம் அல்லவா? நம் ஊரில் ஒரு ஜப்தி நிலம் ஏலத்துக்கு வர எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஒரு தேதியை மட்டும் வைத்து ஒரு மனிதனைக் கொலைக்கு உடந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்கி எழுத உட்கார்ந்தபோது இந்தச் சந்தேகம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. அவருடைய இடத்தில் இருந்து யோசித்தால் அவருடைய சங்கடம் புரிகிறது. அருள்மொழி தியாகம் செய்து விட்டுக்கொடுத்தார் என்று காட்ட வேண்டும். விட்டுக்கொடுத்தது ஒரு கொலைகாரனுக்கு என்றால் தியாகம் அசட்டுத்தனம் ஆகிவிடும். கோழைக்கு என்றாலும் அப்படியே. அதனால் மதுராந்தகனை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டார். அழுக்கெல்லாம் ஒருவன் மேல். நல்லதெல்லாம் பூக்கட்டும் சேந்தன் அமுதன் மேல். கதைக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது. அதை நான் வகுப்பில் வரலாறு என்று சொல்லிக்கொடுத்ததுதான் பிழை.

அந்த விட்டுக்கொடுத்த கதையாவது உறுதியா என்றால், அது திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. 31 ஏடுகள்; ராஜேந்திர சோழன் காலத்தில், ராஜராஜனின் மகன் காலத்தில், எழுதியது. குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினார்கள். சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தான் மனதாலும் விரும்பமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார் என்று அதில் வடமொழிப் பகுதி சொல்கிறது. ஆதித்தன் இறந்ததைப் பற்றி அதே செப்பேடு என்ன சொல்கிறது தெரியுமா? சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் மறைந்தான் என்று. கொலை என்ற பேச்சே இல்லை. குடும்பம் தன் கதையைத் தானே எழுதினால் இப்படித்தான் இருக்கும். ‘பெரியப்பா ஊருக்குப் போயிட்டாரு’ என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. கொலையைச் சொன்னது நிலப் பத்திரம். அரசகுலச் செப்பேடு மென்று விழுங்கிவிட்டது.

இதே போல ஒரு சிற்றப்பன் கதை இங்கிலாந்திலும் உண்டு. 1483இல் நான்காம் எட்வர்டு இறந்தபோது பட்டத்துக்கு உரிய மகனுக்கு வயது பன்னிரண்டு. சிற்றப்பன் ரிச்சர்டு, பிள்ளைகள் முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் அல்ல என்று சொல்லித் தானே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடினான். லண்டன் கோபுரத்தில் இருந்த அந்தச் சிறுவனும் அவன் தம்பியும் அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஆண்டில், 1485இல், போஸ்வொர்த் போர்க்களத்தில் ரிச்சர்டு கொல்லப்பட, டியூடர் குடும்பம் பட்டத்துக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதியபோது ஆண்டவர் எலிசபெத் அரசி; ரிச்சர்டை வென்றவனின் பேத்தி. நாடகத்தில் ரிச்சர்டு முதுகு கூனி, மனமும் கூனிய அரக்கன். நானூறு ஆண்டு உலகம் அதையே நம்பியது.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் லெஸ்டர் நகரத்தில் வேலை பார்க்கிறார். அங்கே 2012இல் ஒரு கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டியபோது அந்த ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. ரிச்சர்டின் அக்காள் வழியில் பெண்வழியாகவே வந்த, கனடாவில் பிறந்த மரவேலைக்காரர் ஒருவரின் மரபணுவோடு ஒத்துப்பார்த்து உறுதி செய்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் சற்று ஏறி இருந்திருக்கும், அவ்வளவுதான். கூன் இல்லை. 2015இல் லெஸ்டர் தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். தம்பி கல்லறையைப் படம் எடுத்து அனுப்பினார். பிபிசி 2013இல் ‘தி ஒயிட் குயின்’ என்று எடுத்த தொடரையும் பார்க்கச் சொன்னார். அதில் அரசியின் தாயார் மந்திரம் வைத்துப் புயலைக் கிளப்புகிறார். ஆனால் ரிச்சர்டு அரக்கனாக இல்லை, குழப்பத்தில் சிக்கிய மனிதனாக இருக்கிறான். சிறுவர்களைக் கொன்றது யார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. எலும்பு கூனைத்தான் பொய்யாக்கியது, கொலைப் பழியை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம்ம ஊரிலும் இது புதிதில்லைங்க. அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொன்னர், சங்கர், தங்காள். அங்கேயும் பங்காளிப் பகைதான், நிலத் தகராறுதான். படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும்போது என் அம்மா அழுவார். வரலாறா என்று யாரும் கேட்டதில்லை. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு அம்மையார் 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இதைப் பதிவு செய்தார். ஒரே பாடகர் பாடியதும் சொல்லி எழுத வைத்ததும் ஒன்றாக இல்லை என்று காட்டினார். கலைஞர் அதை நாவலாக்கி, 2011இல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் படமாக வந்தபோது, காட்டில் ஏர் ஓட்டின குடும்பம் பெரிய அரண்மனைக்குக் குடிபோயிருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தியேட்டரில் இருந்து வெளியே வந்து, “சாமி, நம்ம குன்னுடையாக் கவுண்டர் வீட்டுத் தொண்டுப்பட்டியக் காணோமே!” என்றார். அரண்மனை போனால் போகட்டும் என்று நான் அன்றைக்குச் சிரித்தேன். ‘பொன்னியின் செல்வ’னுக்கும் ஓர்ச்சா போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டை சோழர்களுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது. சோழர் அரண்மனை என்று நமக்கு மிஞ்சியிருப்பது கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் கொஞ்சம் செங்கல் அடித்தளம். அதை வைத்துப் படம் எடுக்க முடியாது. உடை, நகை, கோட்டையில் எனக்குச் சண்டை இல்லை. இல்லாத நந்தினியைப் படைத்தாலும் சண்டை இல்லை. வாழ்ந்துபோன ஒரு மனிதனைப் போலி என்றோ கொலைக்கு உடந்தை என்றோ காட்டும்போது மட்டும், ‘இது கதை’ என்று யாராவது ஒருவர் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சினிமாக்காரர் சொல்லாவிட்டாலும் வாத்தியார் சொல்ல வேண்டாமா?

அந்த உத்தம சோழரைப் பற்றி வகுப்பில் நான் ஒரு வரி உருப்படியாகச் சொன்னதில்லை. அவர் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பதினாறாம் ஆட்சியாண்டு. காஞ்சிபுரத்து ஊரகத்துப் பெருமாள் கோயில் நிர்வாகம் பற்றியது. கோயில் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு யாருக்குத் தெரியுமா? நெசவாளர்களுக்கு. நான்கு சேரியில் இருந்த நெசவுக்காரர்கள் கணக்கையும் மேற்பார்வையையும் பார்க்க வேண்டும், அதற்குப் பதிலாக அவர்களுக்கு வரிச்சலுகை என்று எழுதியிருக்கிறது. பெயர் பொறித்த சோழர் காசுகளில் மிகப் பழையது என்று சொல்வது அவர் வெளியிட்ட பொற்காசைத்தான். அவருடைய தாயார் செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கல்லாக்கியது பாதி அவர் ஆட்சியில்தான் நடந்தது. கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் எடுத்து, கண்டராதித்தர் சிவலிங்கத்தைக் கும்பிடுவது போலச் சிற்பமும் வைத்தார். அந்த அம்மையார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கோயிலில் கொண்டாட உத்தம சோழரின் மனைவிமார் நிவந்தம் வைத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள்! எந்த சீரியல்காரருக்கும் இது தோன்றாது.

ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகு உத்தம சோழரின் மகன் கண்டராதித்தன் மதுராந்தகன் என்ன ஆனான் என்று பாருங்கள். ஓடவும் இல்லை, சிறைக்குப் போகவும் இல்லை. ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்தான். செம்பியன் மாதேவியாருக்கும் கடைசி வரை மரியாதை குறையவில்லை. அண்ணனைக் கொன்றவன் குடும்பம் என்று ராஜராஜன் நினைத்திருந்தால் இப்படி நடத்தியிருப்பாரா? எனக்கு எல்லாக் கல்வெட்டையும்விட இதுதான் பெரிய சாட்சியாகத் தெரிகிறது.

பேத்தியிடம் அன்று ராத்திரி இவ்வளவையும் சொல்லவில்லை. “படத்துல வெச்சதுதான் கண்ணு சரி. அப்புச்சி சொன்னது கதை” என்று மட்டும் சொன்னேன். “அப்ப சேந்தன் அமுதன் பொய்யா?” என்று கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னிடம் கதை கேட்கவில்லை. மூன்றாம் நாள் உடையார்குடிக் கல்வெட்டுப் போட்டோவைக் காட்டினேன். “இதுல ரவிதாசன் எங்க இருக்கான்?” என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள். நானும் தேடினேன். எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த விடுமுறையில் கல்வெட்டு எழுத்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பு எங்காவது நடந்தால் இருவரும் சேருவதாக இருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இனி அந்தக் கணக்கு. அந்த ஆண்டு வினாடி வினாவில் கலந்துகொண்டவர்களுக்கு அந்தப் பெண் யார் என்று தெரியும். பெயரை இங்கே போட வேண்டாம். கமெண்டிலும் எழுத வேண்டாம். படிப்பு முடித்து எங்கே போனாள், கல்யாணம் எங்கே ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்பி வையுங்கள். அம்மிணி, நீ எழுதிய விடை சரி. என் விடைதான் தவறு. முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசு என்று உன்னிடம் சொன்னவன், தானே படித்து முடிக்க முப்பது வருடம் ஆக்கிவிட்டான். அன்றைக்கு முதல் பரிசு ஒரு திருக்குறள் உரையும் ஒரு பேனாவும். இரண்டும் வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். கூடவே பண்டாரத்தார் புத்தகமும் ஒரு பிரதி. முகவரி மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பரிசு வாங்கிய தம்பி இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உன் பரிசைத் திரும்பக் கேட்கவில்லை. நான் சொன்னதைத்தானே நீ எழுதினாய்.